வாடாமல்லிப் புடவையும் சிவப்பு ஹிஸ்டோகிராமும்

போன ஞாயிறு காலை ஒன்பதே காலுக்கு எடுத்த படத்தில்தான் அந்த வாடாமல்லிப் பட்டு முதன்முறையாகப் புடவையாகத் தெரிந்தது. அதுவரை எடுத்த எல்லாப் படத்திலும் அது தட்டையான ஒரு ரோஸ் நிறத் திட்டு. மடிப்பு தெரியாது, இழை தெரியாது, உடலில் சிறிதாக நெய்த புட்டாக்கள் மட்டும் எங்கோ மிதப்பது போல் இருக்கும். மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த வேலையை, தப்பாகப் போன இடங்களையும் சேர்த்து, வரிசையாக எழுதி வைக்கிறேன். பட்டு, செம்பருத்தி, குங்குமம், தக்காளி என்று அழுத்தமான சிவப்பு எதையாவது படம் எடுக்க வேண்டியவர்களுக்கு இது உதவும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சித்தப்பா வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. மாதம் ஏழெட்டுப் புடவை இறங்கும். தெரிந்தவர்கள் மூலமாக வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்பதுதான் இப்போது பாதி வியாபாரம். ஆடி மாதம் 18,500 ரூபாய்ப் புடவை ஒன்று பெங்களூருவிலிருந்து திரும்பி வந்தது. “ஃபோட்டோல ரோஸ், வந்தது வாடாமல்லி” என்று அந்த அம்மா எழுதியிருந்தார். படத்தை எடுத்தவன் நான். சித்தப்பா கோபப்படவில்லை. படத்தையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நம்ம தறில இறங்குன புடவையே எனக்கு அடையாளம் தெரியலையேப்பா” என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கையில் இருந்தது ஏழு வருடப் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த 18-55 லென்ஸ், 1,400 ரூபாய்க்கு வாங்கிய டிரைபாட். வேறு எதுவும் இல்லை.

முதலில் எங்கே தப்பு செய்தேன் என்று தெரிந்துகொள்ள, திரும்பி வந்த புடவையை அதே மாதிரி மொட்டை மாடியில் கொடியில் போட்டு, அதே பதினொரு மணி வெயிலில் மறுபடி எடுத்தேன். மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8. நல்ல வெயிலில் இதற்கு ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/400 விநாடி பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் வெயிலில் நின்று லைவ் வியூத் திரையை (லென்ஸ் பார்ப்பதை அப்படியே காட்டும் பின்பக்கத் திரை) பார்த்தால் எல்லாம் இருட்டாகத் தெரிகிறது. திரை பளிச்சென்று ஆகும் வரை ஷட்டரைக் குறைத்துக்கொண்டே வந்து 1/125-இல் நிறுத்தினேன். முதல் தடவையும் இதையேதான் செய்திருக்கிறேன். ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஸ்டாப் அதிக வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு)! திரையில் சரியாகத் தெரிந்தது என் கண் வெயிலுக்குப் பழகியிருந்ததால். கீழே வந்து அறைக்குள் பார்த்தால் படம் வெளுத்துக் கிடந்தது.

இதற்கு நேர் எதிரான தப்பை அடுத்த வாரம் செய்தேன். ராத்திரி எட்டு மணிக்கு, முன் அறையில் ஒரே ஒரு பல்பு வெளிச்சத்தில். அங்கே அதே திரை கண்ணைக் கூசும் அளவுக்குப் பிரகாசம். போதும் என்று எடுத்த படங்கள் எல்லாம் கணினியில் மங்கல். எல்சிடி பிரகாசத்தை ஆட்டோவோ ஏற்ற இறக்கமோ செய்யாமல் நடு அளவில் வைத்து அப்படியே விட்டுவிட்டேன். அதைவிட முக்கியமாக, திரையில் தெரியும் படத்தை வைத்து வெளிச்சத்தை முடிவு செய்வதை அன்றோடு நிறுத்தினேன். படம் எப்படி அமைகிறது, ஃபோகஸ் எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான் திரை. வெளிச்சத்துக்கு ஹிஸ்டோகிராம், அதாவது படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம்.

ஹிஸ்டோகிராமைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. இடது ஓரம் 0, முழு இருட்டு. வலது ஓரம் 255, அதற்கு மேல் கேமராவால் சொல்ல முடியாது. ஒவ்வொரு அளவிலும் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பது உயரம். வலது சுவரில் மலை மாதிரி முட்டி நின்றால் அங்கே விவரம் போய்விட்டது.

லைவ் வியூவில் இன்ஃபோ பட்டனை அமுக்க அமுக்கத் திரையின் மூலையில் ஹிஸ்டோகிராம் வரும். எக்ஸ்போஷர் சிமுலேஷன் (எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சத்தையே திரையில் காட்டும் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் ஷட்டரையோ அப்பர்ச்சரையோ திருப்பும்போது கூடவே அந்த மலையும் இடமும் வலமும் நகரும். படம் எடுக்காமலேயே எங்கே விழும் என்று பார்த்துவிடலாம். வெளிச்சம் ரொம்பக் குறைவாக இருந்தால் அந்தச் சிமுலேஷன் சின்னம் மினுக்கும். மினுக்கினால் திரையும் ஹிஸ்டோகிராமும் இரண்டுமே நம்பத் தக்கவை இல்லை. ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர் என்று ஒன்று இருக்கிறது, இருட்டுப் பகுதியைத் தானாகத் தூக்கிவிடும். அதை முதலில் அணைத்தேன்.

சரி, வெளிச்சத்துக்கு என்ன செய்வது? 20 வாட் எல்இடி பல்பு இரண்டு, ஒன்று 240 ரூபாய் வீதம் வாங்கினேன். பிவிசி பைப்பில் சட்டம் கட்டி (ஒட்டும் பசையோடு 380 ரூபாய்) பழைய வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் பின்னால் பல்புகளை வைத்தேன். கையில் பிடித்து எடுத்ததால் 1/250, எஃப் 4, ஐஎஸ்ஓ 3200. படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுந்தது. லைவ் ஹிஸ்டோகிராமும் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. கேமராதான் பழுது என்று பயந்து அரை நாள் வீணாகப் போனது. காரணம் பல்பு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 தடவை மினுக்கும். 1/250 விநாடியில் அந்த மினுக்கத்தின் ஒரு துண்டுதான் சிக்குகிறது. ஷட்டரை 1/50-க்கு இறக்கியதும் பட்டை மறைந்தது. டிரைபாட்டில் வைத்து, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, அரை விநாடி என்று போனபோது இன்னும் சுத்தம். அரை விநாடிக்குப் புடவை அசையக்கூடாது; மின்விசிறியை நிறுத்த வேண்டும். புரட்டாசியில் அந்த அறையில் அது பெரிய விஷயம்.

நடுவில் ஒரு மாலை ஃபிளாஷ் முயற்சி. ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பரிடம் மேனுவல் ஃபிளாஷும் அதை அடிக்க வைக்கும் டிரிக்கரும் இரவல் வாங்கினேன். 1/160, எஃப் 8 வைத்ததும் லைவ் வியூ முழுக்கக் கறுப்பு, ஹிஸ்டோகிராம் இடது சுவரில் ஒட்டிக்கொண்டது. ஃபிளாஷ் அடிக்கப் போகிறது என்று கேமராவுக்குத் தெரியாது. அறையில் இருக்கும் வெளிச்சத்தை மட்டும் வைத்துக் காட்டுகிறது. சிமுலேஷனை அணைத்தால் படம் தெரியும், ஹிஸ்டோகிராமுக்கு அர்த்தம் இருக்காது. ஃபிளாஷ் என்றால் ஒரு படம் அடித்துவிட்டு, எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராமைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். அதோடு ஜரிகையில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக எரிந்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் வடக்குப் பார்த்த ஜன்னல்தான் கைகொடுத்தது. காலை எட்டரை முதல் பத்து வரை ஒரே சீரான வெளிச்சம், எதிர்ப் பக்கம் 60 ரூபாய் தெர்மோகோல் அட்டை. முதலில் மாம்பழ மஞ்சள் புடவை, அப்புறம் அரைத்த சந்தன நிறம், இரண்டும் அருமையாக வந்தன. ஹிஸ்டோகிராம் பார்த்து, வலது சுவரைத் தொடாமல் நிறுத்தி, ஒரே கிளிக்கில் முடிந்தது. இனி பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொண்டு வாடாமல்லியை விரித்தேன்.

எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 1/6 விநாடி. லைவ் ஹிஸ்டோகிராமில் மலை நடுவுக்குச் சற்று இடப்பக்கம் அழகாக உட்கார்ந்திருந்தது. வலது சுவருக்கு நிறைய இடம். ஆனால் எடுத்த படம் பழைய ரோஸ் திட்டுதான். எதையும் மாற்றாமல் ஐந்து தடவை எடுத்தேன், ஐந்தும் அப்படியே.

இந்த இடத்தில்தான் மூன்று வாரம் நின்றேன். லென்ஸைத் துடைத்தேன். தெர்மோகோலை எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டினேன். எதுவும் உதவவில்லை.

ஒரு ராத்திரி, எடுத்த படத்தைக் கேமராவிலேயே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மெனுவில் ஹிஸ்டோகிராமை ‘பிரைட்னஸ்’ என்பதிலிருந்து ‘ஆர்ஜிபி’க்கு (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக) மாற்றினேன். ஒன்றுக்குப் பதில் மூன்று மலை வந்தன. நீலம் நடுவில். பச்சை இடது சுவரில் ஒட்டி. சிவப்பு முழுவதும் வலது சுவரில், ஊசி மாதிரி ஒரே கோடாக. புடவையின் சிவப்பு முழுக்க 255-இல் போய் முட்டியிருக்கிறது. ஒரு மடிப்புக்கும் இன்னொரு மடிப்புக்கும் வித்தியாசம் சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை.

நான் லைவ் வியூவில் பார்த்துக்கொண்டிருந்தது வெள்ளை நிற ஹிஸ்டோகிராம். என் கேமராவில் லைவ் வியூவில் அது ஒன்றுதான் வருகிறது. மூன்று நிறமும் பிரிந்து வருவது எடுத்த படத்தில் மட்டும். அந்த வெள்ளை மலை மூன்று நிறத்தையும் நம் கண்ணுக்கு ஏற்ற விகிதத்தில் கலந்து கணக்கிடுவது: சிவப்பு சுமார் 30 சதவீதம், பச்சை 59, நீலம் 11. நோட்டில் போட்டுப் பார்த்தேன். வாடாமல்லிக்குச் சிவப்பு 255, பச்சை 0, நீலம் 140 என்று வைத்தால் 76, 0, 16, கூட்டினால் 92. சிவப்பு முழுதாக நிரம்பி வழியும்போதும் வெள்ளை மலை 92-இல் சாதுவாக நிற்கும். அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டரும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஏமாந்துதான் வெளிச்சத்தைக் கூட்டுகிறது.

அடுத்த ஞாயிறு ஏணி மாதிரி எடுத்தேன். 1/3-இல் தொடங்கி வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப்பாகக் குறைத்து 1/25 வரை பத்துப் படம். ஒவ்வொன்றின் சிவப்பு மலையையும் நோட்டில் வரைந்தேன். 1/6: சுவரில் ஊசி. 1/8: சுவரில் பாதி. 1/10: உச்சி மட்டும் தொடுகிறது. 1/13: சுவரை விட்டு விலகி, முழு மலையாக நிற்கிறது. முதலில் சரி என்று நினைத்ததிலிருந்து சரியாக ஒரு ஸ்டாப் குறைவு. 1/13 படத்தில் வெள்ளை மலை இடது பக்கம் ஒதுங்கி, பார்த்தால் இருட்டுப் படம் என்று சொல்லும்படி இருந்தது. படம் இருட்டாக இல்லை. மடிப்புகள் வந்துவிட்டன, நிறமும் ரோஸிலிருந்து வாடாமல்லிக்கு வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு ரோஸாகத் தெரிந்ததும் இதனால்தான்: சிவப்பு முட்டி நின்றபிறகு, கூட்டிய வெளிச்சம் நீலத்தையும் பச்சையையும் மட்டும் உயர்த்தி நிறத்தையே மாற்றிவிடுகிறது.

மடிப்பு வந்தாலும் இழை வரவில்லை. வலது சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், பச்சை மலை இடது சுவரில் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இந்த நிறத்தில் பச்சை மிகக் குறைவு. அதன் மேல் கேமராவின் ‘ஸ்டாண்டர்டு’ பிக்சர் ஸ்டைல் (கேமரா படத்துக்கு நிறம் கொடுக்கும் முறை) நிறத்தை இன்னும் அழுத்தி, பச்சையைப் பூஜ்யத்துக்குத் தள்ளி, சிவப்பை மேலே ஏற்றுகிறது. பிக்சர் ஸ்டைலை ‘நியூட்ரல்’ என்று மாற்றி, சாச்சுரேஷனை (நிற அழுத்தத்தை) இரண்டு படி குறைத்தேன். பச்சை மலை சுவரைவிட்டுக் கொஞ்சம் உள்ளே வந்தது. சிவப்புக்கும் வலது பக்கம் இடம் கிடைத்ததால் வெளிச்சத்தைக் கூட்டி ஷட்டரை 1/10-இல் வைக்க முடிந்தது. இழை தெரிந்தது அப்போதுதான்.

வெள்ளைச் சமநிலையும் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்வது) இதில் விளையாடுகிறது. படம் முழுக்க ஒரே நிறம் இருந்தால் ஆட்டோ குழம்பி, வாடாமல்லியைக் குறைக்கப் பச்சையைச் சேர்க்கிறது. 350 ரூபாய்க்குச் சாம்பல் அட்டை ஒன்று வாங்கி, அதை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துக் ‘கஸ்டம்’ வெள்ளைச் சமநிலையாகப் பதித்தேன். இதை எக்ஸ்போஷருக்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். பின்னால் செய்தால் சிவப்பு மலையும் நீல மலையும் நகர்ந்துபோய், பார்த்து வைத்த ஹிஸ்டோகிராம் பழையதாகிவிடும். நான் இரண்டு தடவை பின்னால் செய்து இரண்டு தடவையும் மறுபடி எடுத்தேன்.

ரா கோப்பாக (சென்சார் பதிந்ததைக் கேமரா ஜேபெக் படமாக மாற்றாமல் அப்படியே வைப்பது) எடுத்தால் இவ்வளவு பாடு வேண்டுமா என்று கேட்கலாம். 1/6-இல் எடுத்த ரா கோப்பை ரா தெரபி என்ற மென்பொருளில் திறந்து, அதன் ரா ஹிஸ்டோகிராமைப் பார்த்தேன். ஜேபெக்கில் செத்துப்போன சிவப்பு அங்கே உயிரோடு இருந்தது, இன்னும் இடமும் இருந்தது. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் எல்லாமே ஜேபெக்கை வைத்துக் கணக்கிடுவதுதான், ராவில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஆனால் சித்தப்பாவுக்குப் படம் பத்து நிமிடத்தில் வேண்டும். தறியிலிருந்து இறங்கிய புடவையை மடிப்பதற்குள் மூன்று பேர் கேட்டுவிடுகிறார்கள். அதனால் ஜேபெக்கையே ஒழுங்காக எடுக்கப் பழகினேன், ராவும் கூடவே பதிவாகட்டும் என்று விட்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்குவதில் சிவப்பு நிறத்தின் நுண்விவரம்தான் முதலில் போகிறது; டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகிறது.

ஜரிகைக்கு மட்டும் வேறு கணக்கு. பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது அது. கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதையும் வலது சுவருக்குள் அடக்கப் பார்த்தால் புடவை முழுக்க இருண்டுவிடும். எடுத்த படத்தில் ஹைலைட் எச்சரிக்கை (வெளிச்சம் மிஞ்சி விவரம் போன இடங்களைக் காட்டுவது) மினுக்கும்போது, மினுக்குவது முந்தியில் ஜரிகையின் நுனிகள் மட்டும் என்றால் விட்டுவிடுகிறேன். பட்டில் ஓர் இடத்தில் மினுக்கினாலும் மறுபடி எடுக்கிறேன். கோர்வையில் உடலும் பார்டரும் சேரும் இடத்தை வாங்குகிறவர்கள் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். அங்கே ஜரிகை எரிந்து வெள்ளையாகிவிட்டால் நெய்தவரின் வேலை தெரியாது. அதனால் ஜன்னலுக்கு நேராக இல்லாமல் புடவையைச் சற்றுச் சாய்த்துப் போடுகிறேன். ஒரு ஜாண் திருப்பினால் போதும், ஜரிகை வெள்ளையிலிருந்து பொன்னுக்கு இறங்கிவிடுகிறது. ஷட்டரைத் தொடவே வேண்டாம்.

மயில்கழுத்து நிறத்துக்கு ஹிஸ்டோகிராமில் விடை இல்லை. பாவு (நீள இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம். பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நீலமாகவும் பச்சையாகவும் தெரியும். இரண்டு கோணத்தில் இரண்டு படம் எடுத்து இரண்டையும் அனுப்புகிறோம்.

இப்போது நடப்பது இதுதான். ஜன்னலருகே புடவையை விரித்து, சாம்பல் அட்டையில் வெள்ளைச் சமநிலையைப் பதிக்கிறேன். லைவ் வியூவில் வெள்ளை ஹிஸ்டோகிராமைப் பார்த்து ஓர் அளவுக்கு வருகிறேன். சிவப்பு, அரக்கு, வாடாமல்லி என்றால் அங்கிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்தே தொடங்குகிறேன். இரண்டு விநாடி டைமரில் ஒரு படம். ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் மூன்று மலையும் இரண்டு சுவரையும் விட்டு விலகி நிற்கின்றனவா என்று பார்த்து, தேவைப்பட்டால் மூன்றில் ஒரு ஸ்டாப் அசைத்து இன்னொன்று. ஒரு புடவைக்கு ஏழு நிமிடம் ஆகிறது. லைவ் வியூ பேட்டரியைச் சீக்கிரம் குடிப்பதால் இரண்டாவது பேட்டரி ஒன்று, 900 ரூபாய். பல்பு, பைப், அட்டை, தெர்மோகோல், பேட்டரி எல்லாம் சேர்த்து மொத்தம் 2,170 ரூபாய் செலவானது. பல்புக்கும் பைப்புக்கும் போட்ட 860 ரூபாயைத் தவிர்த்திருக்கலாம், ஜன்னலில் தொடங்கியிருந்தால்.

திருப்பி அனுப்பிய அந்த அம்மாவுக்குப் புதிய படத்தை அனுப்பச் சொன்னேன். சித்தப்பா கூச்சப்பட்டார்; சித்தி அனுப்பிவிட்டார். “இதுதான் எனக்கு வந்த கலர்” என்று பதில் வந்தது. அவர் அதை வாங்கவில்லை, அவருக்கு ரோஸ்தான் வேண்டுமாம்.

மிச்சம் இருப்பது சுவர். அந்த அறைச் சுவர் வெளிர்ப்பச்சை டிஸ்டெம்பர், அது புடவையின் நிழல் மடிப்புகளில் லேசாகப் பச்சை தூவுகிறது. பச்சை ஹிஸ்டோகிராமின் அடியில் ஒரு வால் மாதிரி தெரிகிறது. தை பிறந்ததும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை மட்டும் சாம்பல் அடிக்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். அடுத்த பாவில் எம்.எஸ். நீலம் (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் வழங்கும் நீலம்) ஏற்றுகிறார்கள். வெள்ளைக் கணக்கில் நீலத்துக்கு 11 சதவீதம்தான் இடம், சிவப்பைவிட மோசமாக ஏமாற்றக்கூடும். அதற்கும் 1/3-இலிருந்து பத்துப் படம் எடுக்க நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.